மூன்றாவது தொட்டியின் பச்சை

1

சென்ற வாரம் மகளை மழலையர் பள்ளியில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது, பொறுப்பாளர் கிர்ஸ்டன் என்னை வாசலில் நிறுத்தினார். "உங்கள் கம்பெனியின் உணவை அடுத்த வாரம் எங்கள் பிள்ளைகளுக்கு மதியம் கொடுத்துப் பார்க்கப் போகிறோம். உங்கள் முதலாளியிடம் பேசியாகிவிட்டது. நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதுமாம்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன். சைக்கிளை மிதித்துத் தெருமுனை திரும்பியதும் இறங்கி ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

டென்மார்க்கில் ஓடென்ஸ என்ற ஊரில் ஐந்து வருடமாக இருக்கிறேன். கணவர் அன்வருக்குக் காற்றாலை கம்பெனியில் வேலை. அவரோடு வந்தவளுக்கு மொழி தெரியாது, வேலை இல்லை. இரண்டு வருடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு இந்தச் சிறிய கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. பீட்ரூட் போன்ற கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையில் மிஞ்சும் பாகில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து, இறைச்சிக்குப் பதிலாகச் சாப்பிடும் உணவு செய்கிறோம். மொத்தம் பதினோரு பேர். ஆராய்ச்சிக்கும் அன்றாட உற்பத்திக்கும் நான் தலைமை. ஒவ்வொரு முறை சரக்கு வெளியே போகும்போதும் ஒரு படிவம் வரும். அதில் எல்லாக் கட்டங்களும் இயந்திரமே நிரப்பியிருக்கும். கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். பொறுப்பாளர் கையொப்பம்.

இரண்டு வருடமாக அதில் கையெழுத்துப் போடுகிறேன். சாப்பிடப் போகிறவர்கள் முகம் தெரியாதவர்கள். இந்த முறை அப்படியில்லை. நான்கு வயது நஸ்ரினும் அவளோடு மணலில் விளையாடும் பிள்ளைகளும். அன்வரிடம் சொன்னபோது, "இங்க இருக்கிற டெஸ்டிங் வேற, அங்க இருந்தது வேற. எதுக்கு ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிற?" என்றார். அவர் சொல்வது சரிதான். ஆனால் கும்மிடிப்பூண்டியை அவர் பார்த்ததில்லை.

2

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசியில், இரும்பு உருக்கும் ஆலைகளின் புகை வந்து சேரும் ஓரத்தில், ஒரு பழைய ஷெட்டை எடுத்திருந்தோம். நானும் என்னோடு கல்லூரியில் படித்த பிரபாகரும். அவன் பொதட்டூர்பேட்டைக்காரன். ஸ்பைருலினா என்ற நுண்பாசியைச் சிமெண்டுத் தொட்டிகளில் வளர்த்து, துணியில் வடித்து, காயவைத்துப் பொடியாக்குவதுதான் தொழில். கொஞ்சம் தண்ணீரும் வெயிலும் இருந்தால் போதும், பருப்பைவிட அதிகப் புரதம். சத்தில்லாத பிள்ளைகளுக்கு இதைவிட மலிவாக வேறு எதுவும் தர முடியாது என்று நம்பினோம். நான் இப்போதும் நம்புகிறேன்.

பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்துகொண்டிருந்த என் வாப்பாவிடம் சொன்னபோது, "ஏரில படியிற பாசிய காசு குடுத்தா ஆளுங்க துண்ணுவாங்க?" என்று கேட்டார். அவரைச் சமாதானப்படுத்தியதைவிட அரசு அலுவலகங்களைச் சமாதானப்படுத்துவது கஷ்டமாக இருந்தது. மின் இணைப்புக்குப் போனால், "பாசி வளக்கறது விவசாயமா, தொழிற்சாலையா? மொத அத்த முடிவு பண்ணிக்கினு வாம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். விவசாயம் என்று எழுதிக்கொண்டு போனால், நிலத்துப் பட்டாவைக் கேட்டார்கள். தொழிற்சாலை என்று எழுதினால், புகை எங்கே போகிறது என்று கேட்டார்கள். புகையே இல்லை என்றால் நம்பவில்லை.

ஆராய்ச்சியும் நான், நிர்வாகமும் நான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் நிர்வாகம் ஆராய்ச்சியைத் தின்றுகொண்டிருந்தது. தினம் காலையில் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அந்த விதியை எழுதி ஒட்டியவளே நான்தான். முதல் வருடம் ஒரு நாளும் தவறவில்லை.

தொட்டி வேலைக்கு நான்கு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் எஸ்தர்தான் கைதேர்ந்தவள். தேர்வாய் கண்டிகைப் பக்கம் ஒரு காலனியிலிருந்து வருவாள். அதற்கு முன் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். அவளுக்கு ஒரே மகள், கிருபா, ஏழு வயது. ஒருநாள் வேலைக்கு அழைத்து வந்திருந்தாள். குச்சி மாதிரி கை, வெளுத்த உதடு. காயவைக்கும் தட்டுகளில் ஒட்டிக்கொண்டு மிஞ்சும் தூளை நாங்கள் கூட்டிக் கொட்டிவிடுவது வழக்கம். நான்தான் சொன்னேன்: "அதச் சுரண்டி எடுத்துக்கினு போ எஸ்தர். கிருபாவுக்குக் கஞ்சியில போட்டுக் குடு. நல்லது."

இரண்டு மாதத்தில் கிருபாவின் கன்னத்தில் சதை வைத்தது. "டீச்சரே கேட்டாங்க மேடம், இன்னா குடுக்கறேன்னு" என்று எஸ்தர் சொன்ன நாள், நான் அந்தத் தொழிலில் மிகவும் சந்தோஷமாக இருந்த நாள்.

3

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டேனிஷ் மொழியில் அம்மாவுக்கு 'மோர்' என்று பெயர். நஸ்ரின் பள்ளியிலிருந்து ஓடி வரும்போது "மோர், மோர்" என்று கத்துவாள். முதலில் எனக்குத் தாகம்தான் எடுத்தது. "உம்மான்னு கூப்பிடு" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். அவளுக்குத் தமிழ் புரிகிறது. ஆனால் வாயில் வருவதில்லை. சோறு வேண்டுமா என்று கேட்டால் தலையாட்டுவாள். வயிறு வலித்தால் எந்த மொழியில் சொல்வாள், எனக்கு அது சரியாகப் புரியுமா என்று ஒரு பயம் எனக்கு எப்போதும் உண்டு. 'லேசாக வலிக்கிறது' என்பதற்கும் 'தாங்க முடியவில்லை' என்பதற்கும் நடுவில் அந்த மொழியில் எத்தனை சொல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கையெழுத்துப் படிவம் மூன்று நாள் என் மேசையிலேயே கிடந்தது. சோதனை முடிவுகள் எல்லாம் சுத்தம். இருந்தும் நானே நுண்ணோக்கியில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என்னோடு வேலை செய்யும் மெட்டெ, "இயந்திரம் பார்த்துவிட்டதே, நீ எதைத் தேடுகிறாய்?" என்று கேட்டாள். டேனிஷில் எனக்குப் பதில் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

4

கும்மிடிப்பூண்டியில் இரண்டாம் வருடம் ஐப்பசி மழை வெளுத்து வாங்கியது. மூன்று நாள் கரண்ட் இல்லை. தண்ணீரைக் கலக்கும் துடுப்புச் சக்கரங்கள் நின்றுவிட்டன. ஷெட்டுக்குப் பின்னால் மாடுகள் இறங்கும் குட்டை ஒன்று நிரம்பி, மூன்றாவது தொட்டிக்குள் வழிந்திருக்கிறது. பெண்கள் மண் அணைத்துத் தடுத்திருக்கிறார்கள். நான் அங்கே இல்லை. உரிமம் புதுப்பிக்க அலுவலகம் அலுவலகமாகத் திருவள்ளூரில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்த பிறகும் கணக்கு, கடிதம், லாரி என்று ஓடியது. ஒன்பது நாள் நுண்ணோக்கியின் உறையையே நான் கழற்றவில்லை. தொட்டி பச்சையாகத்தான் இருந்தது. பச்சையாக இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலை பார்த்தேன். ஸ்பைருலினா சுருள் சுருளாக, ஸ்பிரிங் மாதிரி இருக்கும். மூன்றாவது தொட்டியின் சொட்டில் சுருள்களுக்கு நடுவே கடுகைக் கொட்டியதுபோல் உருண்டை உருண்டையாகக் கொத்துகள். கண்ணாடித் தகட்டை மாற்றிப் பார்த்தேன். வேறு மூலையிலிருந்து தண்ணீர் எடுத்துப் பார்த்தேன். அதேதான். அதை நான் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். தேங்கிய குட்டைகளில் வளரும் வேறு பாசி. அதில் சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் விஷத்தை உண்டாக்கும். காயவைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது.

பிரபாகர் உள்ளே வந்தான். "இன்னா சபீரா, பேயப் பாத்தா மாதிரி நிக்கிற?"

நான் நுண்ணோக்கியைக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான்.

"இது அதுதானா, இல்ல அது மாதிரியா?"

"டெஸ்ட் பண்ணாத் தெரியும். பெங்களூருக்கு அனுப்பணும். அஞ்சு நாள் ஆகும்."

"அப்ப ரிசல்ட் வரட்டும். அதுக்குள்ள ஊரக் கூட்டிக்கினு இன்னா பண்ணப் போற?"

"பிரபா, மூணு நாள் முன்னாடி ஸ்கூலுக்குப் போன மிட்டாய் எந்தத் தொட்டிப் பொடி?"

அவன் மேசையிலிருந்த நோட்டைப் புரட்டினான். அவனுடைய ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு, பொடி கலந்த கடலை மிட்டாய்ப் பாக்கெட்டுகளை முதன்முதலாக அனுப்பியிருந்தோம். எந்தத் தொட்டி என்று குறித்து வைக்கும் நோட்டில் அந்த வாரப் பக்கம் காலி. அதை எழுத வேண்டியவளும் நான்தான்.

"அதுக்குள்ள பசங்க தின்னு முடிச்சிடுவாங்க பிரபா."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "எங்கக்கா பொண்ணு அங்கதான் படிக்குது" என்றான். பிறகு போனை எடுத்துத் தலைமை ஆசிரியரைக் கூப்பிட்டான். "சார், பாக்கெட்ல கெட்டுப்போன சரக்கு கலந்திருக்கும்னு சந்தேகமா கீது. யாருக்கும் குடுக்காதீங்க, நானே வர்றேன்" என்றான். சட்டையைக்கூட மாற்றாமல் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். பாதிப் பாக்கெட்டுகள்தான் அவனுக்குத் திரும்பக் கிடைத்தன. மீதி தின்றாகிவிட்டது. கிடைத்ததில் ஒன்றையும் மூன்றாவது தொட்டித் தூளையும் அன்றே பெங்களூருக்கு அனுப்பினோம். முடிவு வரும்வரை அவன் ஊரைவிட்டு வரவில்லை. தினம் காலையில் பள்ளிப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, கேட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தானாம்.

5

பைக் போன சத்தம் அடங்கிய பிறகுதான் எனக்குக் காயவைக்கும் தட்டுகளின் ஞாபகம் வந்தது.

எஸ்தர் மூன்றாவது தொட்டியின் ஓரத்தில் துணியை அலசிக்கொண்டிருந்தாள்.

"எஸ்தர், கிருபா எப்படி இருக்கா?"

"ரெண்டு நாளா வாந்தி மேடம். இன்னாத்த துண்ணுச்சோ தெர்ல. ஸ்கூலுக்கு அனுப்பல, ஊட்லயே படுத்துக்கினு கீது."

"பச்சத் தூளு குடுத்தியா?"

"அது தெனம் குடுக்கறதுதான மேடம். நேத்து கொஞ்சம் ஜாஸ்தியாவே போட்டேன், தெம்பா இருக்கட்டும்னு."

நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை: முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று யோசித்தேன். தூளை இனி எடுக்க வேண்டாம் என்று ஏதாவது காரணம் சொல்லலாம். பிள்ளையை நல்ல டாக்டரிடம் காட்டு என்று சொல்லலாம். விஷம் என்ற சொல்லை வாயால் சொல்ல வேண்டியதில்லை. முடிவு வந்து ஒன்றுமில்லை என்றால், ஒரு தாயை வீணாகப் பயமுறுத்தியிருக்க மாட்டேன். எல்லாம் நியாயமாகவே தோன்றியது. எல்லாம் அத்தனை நியாயமாகத் தோன்றியதுதான் என்னை எழுப்பியது.

வெளியே வந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். வேறு பாசி கலந்திருக்கிறது, அதில் விஷம் இருக்கலாம், ஈரலுக்குக் கெடுதல், இப்போதே டாக்டரிடம் போக வேண்டும்.

எஸ்தர் கத்தவில்லை. முதலில் குழாயடிக்குப் போய் முழங்கைவரை இரண்டு கைகளையும் தேய்த்துக் கழுவினாள். பிறகு என் எதிரில் வந்து நின்றாள்.

"நீதான எட்த்துக்கினு போன்னு சொன்ன?"

"ஆமா."

"நல்லதுன்னு சொன்ன."

"ஆமா எஸ்தர்."

"எனுக்குப் படிப்பு இல்ல. நீ படிச்சவ. நீ சொன்னதாலதான் குட்த்தேன்."

அதுவரை 'நீங்க' என்றுதான் பேசுவாள். அன்றோடு அது 'நீ' ஆனது. அதற்குப் பிறகு மாறவே இல்லை.

ஆட்டோவில் காலனிக்குப் போய்க் கிருபாவைத் தூக்கிக்கொண்டு பொன்னேரிக்குப் போனோம். வழியெல்லாம் பிள்ளை அவள் மடியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை விழியில் மஞ்சள் ஏறியிருந்தது. எஸ்தர் என் கையைத் தட்டிவிட்டாள்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஈரல் வீங்கியிருக்கு, காமாலை. மழைக்கப்புறம் தண்ணியில சாக்கடை கலந்து உங்க பக்கம் நிறையப் பேருக்கு வந்திருக்கு" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாசியின் பெயரையும் எழுதிக் காட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எதால வந்ததுன்னு கேட்டா என்னால சொல்ல முடியாதும்மா. ரெண்டாலயும் இப்படித்தான் இருக்கும்."

"பொழச்சிக்குமா சார்?" என்றாள் எஸ்தர்.

"பார்ப்போம். பிள்ளையை இங்கேயே சேத்துட்டு நீ கூட இரு."

6

ஐந்து நாள் எப்படிப் போயின என்று எழுத என்னிடம் சொற்கள் இல்லை. காலையில் பொன்னேரிக்குப் போவேன். எஸ்தர் என்னோடு பேச மாட்டாள். ஆனால் போகச் சொல்லவும் மாட்டாள். நான் கொண்டுபோகும் நாஷ்டாவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வெளியே போய் டீ மட்டும் குடிப்பாள். நான் கொடுப்பதை அவள் சாப்பிட மாட்டாள் என்று மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. அங்கிருந்து ஷெட்டுக்கு வந்து பிரபாகரிடம் போனில் கேட்பேன். "இன்னிக்கு யாரும் லீவு இல்ல" என்பான். அடுத்த நாள், "ஒரு பையன் வரல. ஊட்டுக்கே போய்ப் பாத்தேன். காதுகுத்து விசேஷமாம்" என்பான்.

ஆறாம் நாள் பெங்களூரிலிருந்து எஸ்டிடி பூத்துக்கு ஃபேக்ஸ் வந்தது. முதல் வரி: பள்ளிக்குப் போன மிட்டாயில் விஷம் இல்லை. பூத் கண்ணாடியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். இரண்டாவது வரி: மூன்றாவது தொட்டித் தூளில் இருக்கிறது.

மிட்டாய்க்கு முதல் இரண்டு தொட்டிப் பொடி போயிருக்கிறது. தட்டுச் சுரண்டல் மட்டும் மூன்றாவதிலிருந்து போயிருக்கிறது. எங்கள் திறமை எதுவும் பள்ளிப் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. எந்த மூட்டை கைக்கு முதலில் அகப்பட்டதோ அதுதான் காப்பாற்றியது.

கிருபா பிழைத்துக்கொண்டாள். ஒரு மாதம் ஆனது. அதே வாரத்தில் அந்தக் காலனியில் இன்னும் பலருக்குக் காமாலை இருந்தது. அவர்கள் யாரும் எங்கள் தூளைத் தொட்டதில்லை. ஆகவே தண்ணீராக இருக்கலாம். தூளாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

தொட்டிகளை வடித்துச் சுண்ணாம்பு அடித்தோம். மறுபடி தொடங்கலாம் என்று பிரபாகர் சொன்னான். என்னால் அந்தப் பச்சைத் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. கடையை மூடினோம். நான்கு பெண்களுக்கும் வேலை போயிற்று. அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். விமானம் ஏறும்போது எஸ்தரிடம் நான் சொல்லிக்கொள்ளவில்லை. போகப் பயம்.

7

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அவளைத் தேடிக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் புதிய தொழிற்பூங்கா வருகிறது என்று புல்டோசர்கள் நின்றிருந்தன. எஸ்தர் இப்போது ஓர் ஓடு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "வா, உக்காரு" என்றாள். கிருபா பள்ளிச் சீருடையில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிட உயரமாகிவிடுவாள் போலிருந்தது. அவளுக்கு என்னை ஞாபகமில்லை.

"உடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் கீறா" என்றாள் எஸ்தர். பிறகு மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்வரை பொறுத்திருந்து சொன்னாள். "ஆனா ஒரு ஜுரம் வந்தாப் போதும், எனுக்குக் கை கால் ஓடாது. கண்ணப் புட்ச்சி இழுத்துப் பாத்துக்கினே இருப்பேன். அப்ப ஊருக்கே காமால வந்துச்சு. மத்தவங்கல்லாம் மறந்துட்டாங்க. நீ சொல்லாம இருந்திருந்தா நானும் மறந்திருப்பேன்."

"சொல்லியிருக்கக் கூடாதா எஸ்தர்?"

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். "சொல்லாம இருந்திருந்தா இன்னும் கஞ்சில போட்டுக் குட்த்துக்கினே இருந்திருப்பேனே. சொன்னது சரிதான். அதான் பேஜாரே. உன்னத் திட்டக்கூட முடியல."

டீ கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்தேன்.

8

படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பெற்றோர்களைக் கூட்டச் சொல்லிக் கேட்டேன். கிர்ஸ்டனுக்கு ஆச்சரியம். "எல்லாச் சோதனையும் சரியாக இருக்கிறதே" என்றார். "அதனால்தான்" என்றேன்.

இருபது பேர் வந்தார்கள். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். அந்த மொழியில் 'கிஃப்ட்' என்ற ஒரே சொல்லுக்கு விஷம் என்றும் பொருள், திருமணமானவர் என்றும் பொருள். விஷமுள்ளது என்று சொல்ல வேண்டுமானால் அதன் வாலில் ஓர் ஒலியைச் சேர்க்க வேண்டும். பதற்றத்தில் நான் அதை விழுங்கிவிட்டேன். "இந்த உணவு திருமணமானதல்ல" என்று இருபது பேர் முன்னால் உறுதியாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், என்னென்ன சோதித்தோம், எதைச் சோதிக்க வழியில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் மகளும் சாப்பிடப் போகிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது, எப்போதும் இருக்கும் என்றேன். இரண்டு தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று மதியம் நானே போய்ப் பரிமாறினேன். பிள்ளைகள் கை கழுவிவிட்டு வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். நஸ்ரின் முதல் வாயை எடுத்து மென்றாள். நான் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுங்கினாள். தட்டு காலியானது. பக்கத்துப் பிள்ளையிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பிறகு தட்டை என்னிடம் நீட்டி, டேனிஷில், இன்னும் வேண்டும் என்றாள்.

கிர்ஸ்டன் என்னைப் பார்த்தார். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். "மோர்" என்று மறுபடி கூப்பிட்டாள்.

போட்டேன்.